அந்நிய மண்ணிற் பயின்ற திரைக்கலை
– ஆபிரிக்க மாணவர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு –

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லுதல் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான அனுபவமாகும். சட்டமும் மருத்துவமும் கற்பதற்கென இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்று மீண்டோர் தத்தம் நாடுகளின் அரசியலையும் சமூக வாழ்வையும் எவ்வாறு மாற்றினர் என்பது பற்றிப் பெரிதும் பேசப்பட்டுள்ளது. ஆயின், திரைப்படக் கலையைக் கற்பதற்கென்று சென்ற மாணவரைப் பற்றி நம்மிடையே அத்துணை பேசப்படுவதில்லை. அவர்தம் நிலை ஏனையோரின் நிலையினின்றும் வேறுபட்டது. சட்டம் பயின்று மீண்டவனுக்கு அவனது நாட்டில் நீதிமன்றம் காத்திருந்தது. மருத்துவம் பயின்றவனுக்கு வைத்தியசாலை காத்திருந்தது. திரைக்கலை பயின்ற ஆபிரிக்க மாணவனுக்கோ கமராவும் இல்லை. படச்சுருளைக் கழுவும் ஆய்வுகூடமும் இல்லை. தொடக்கத்தில், தன் சொந்த நாட்டைப் படம்பிடிப்பதற்கான உரிமைகூட அவனுக்கு இருக்கவில்லை.

1950கள் தொடக்கம் பாரிசிலும் மொஸ்கோவிலும் திரைக்கலை பயின்ற ஆபிரிக்க மாணவர் எதைக் கற்றனர். கற்றதைக் கொண்டு எதைச் சாதித்தனர். எதைச் சாதிக்க இயலாது போயினர் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

தடையும் கல்வியும்

ஆபிரிக்க மண்ணிற் கமரா புகுந்தது மிக முன்னரேயாம். ஆயின், அதனைக் கையாண்டோர் வெள்ளையரே. ஆபிரிக்கன் கமராவின் முன்னே நின்றான். பின்னே நிற்க அவனுக்கு இடமளிக்கப்படவில்லை. பிரெஞ்சு ஆட்சி இந்நிலையைச் சட்டத்தினாலும் உறுதிப்படுத்திற்று. 1934ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அப்போது குடியேற்ற நாடுகளுக்கு அமைச்சராயிருந்த பியேர் லவால் என்பாரின் பெயரால் வழங்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. இவ்வாணையின்படி பிரெஞ்சு ஆபிரிக்கக் குடியேற்றங்களில் எவர் படம்பிடிக்க விரும்பினும் ஆட்சியாளரின் முன்னனுமதியைப் பெறல் வேண்டும். படத்தின் எழுத்துப் பிரதியையும் அதில் ஈடுபடுவோர் பற்றிய விபரங்களையும் சமர்ப்பித்தல் வேண்டும்.

ஆணையின் கடுமையை முதலில் உணர்ந்தோர் பிரெஞ்சுக்காரரே என்பது விந்தையானதொரு செய்தி. பாரிசில் 1943இல் நிறுவப்பட்ட உயர் திரைப்படக் கல்வி நிலையமாகிய இடெக் என்னும் கல்லூரியிற் பயின்று வெளியேறிய ரெனே வொத்தியே என்ற இளைஞர், பாடசாலைகளிற் காட்டுவதற்கெனப் படமெடுக்க மேற்கு ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சென்றவர் அங்கு கண்ட கொடுமைகளைப் படமாக்கினார். “ஆபிரிக்கா 50” என்ற அப்படம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரான்சிற் தடைசெய்யப்பட்டிருந்தது; அவரும் சிறை சென்றார். அலன் ரெனேயும் கிறிஸ் மார்க்கரும் ஆபிரிக்கச் சிற்பங்களைப் பொருளாகக் கொண்டு 1953இல் உருவாக்கிய விவரணப்படத்துக்கும் தணிக்கை நேர்ந்தது. ஆளும் இனத்தவருக்கே இந்நிலையெனின், ஆளப்பட்டோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இச்சூழலில் இடெக் கல்லூரியிற் சேர்ந்து பட்டம்பெற்ற முதல் ஆபிரிக்கர் போலின் சுமானு வியேரா ஆவார். 1925இல் டஹோமேயிலுள்ள (இன்றைய பெனின்) போர்ட்டோ நோவோவிற் பிறந்த இவர், சிறுவனாகவே கல்வியின் பொருட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டவர். படிப்பை முடித்த அவரும் அவருடைய தோழர்களும் ஆபிரிக்காவிற் படமெடுக்க விழைந்தனர். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. எனவே தாம் வாழ்ந்த பாரிஸ் நகரையே அவர்கள் படம்பிடித்தனர். வியேராவும் மமடூ சாரும் இணைந்து நெறியாள்கை செய்து 1955இல் வெளியிட்ட “சேன் நதிக்கரை ஆபிரிக்கா” என்னும் குறும்படம் இவ்வாறே தோன்றிற்று. பாரிசின் மாணவர் குடியிருப்பு வட்டாரத்தில் உலவும் ஆபிரிக்க இளைஞர், அவர்தம் தனிமை, நட்பு, காதல், நகரின் தெருக்களிலே தம் நாட்டைத் தேடும் ஏக்கம் ஆகியனவே அதன் பொருள்.

கறுப்பு ஆபிரிக்கர் ஆக்கிய முதற் படங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் இதனைக் கொள்வர். ஆபிரிக்கத் திரைப்பட வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கும் இப்படம் ஆபிரிக்காவிலன்றி ஐரோப்பியத் தலைநகரொன்றிலே, வெளிநாட்டு மாணவரின் வாழ்வையே பொருளாகக் கொண்டு எடுக்கப்பட்டதென்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. கமராவைப் பின்னின்று இயக்கும் வித்தையைக் கற்பித்த அதே அரசு, அதனைக் கொண்டு தாய்நாட்டை நோக்கும் உரிமையை மறுத்தது. கல்வியும் தடையும் ஒரே கையினின்றும் வந்தன.

ஆங்கிலேயரின் முறை சற்று வேறுபட்டது. 1939இல் நிறுவப்பட்ட குடியேற்றத் திரைப்படப் பிரிவு 1948இல் அக்ரா நகரிற் பயிற்சிப் பாடசாலையொன்றை அமைத்து ஆபிரிக்கருக்குத் தொழில்நுட்பம் கற்பித்தது. ஆயின், ஆபிரிக்கப் பார்வையாளருக்கு எளிய, மெதுவாக நகரும் படங்களே விளங்கும் என்னும் கொள்கையே அப்பிரிவுக்கு அடிப்படையாக இருந்தது. சுகாதாரம், வேளாண்மை பற்றிய போதனைப் படங்களைத் தயாரிக்கும் உதவியாளரை அது உருவாக்கிற்று. சுயமாகச் சிந்திக்கும் கலைஞரை உருவாக்குவது அதன் நோக்கமன்று. ஒருவன் எதைக் கற்கலாம் என்பதை ஆட்சி வரையறுத்தற்கு இவ்விரு முறைகளும் சான்றாகும்.

மொஸ்கோவின் அழைப்பு

1960ஆம் ஆண்டில் ஆபிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்றன. அவ்வாண்டிலேயே மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கொங்கோவின் தலைவர் பற்றிஸ் லுமும்பா கொல்லப்பட்டபின் 1961இல் அது அவர் பெயரைத் தாங்கிற்று. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க மாணவருக்குச் சோவியத் ஒன்றியம் புலமைப்பரிசில்களை வழங்கலாயிற்று. நம் நாட்டு மாணவரும் அவ்வழியே சென்றனர். திரைக்கலை பயில விரும்பியோருக்கு அங்கு 1919இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கல்லூரி இருந்தது. லெவ் குலெஷோவும் பின்னர் ஐஸன்ஸ்ரைனும் கற்பித்த இடம் அது. படச்சுருள் கிட்டாத வறுமைக் காலத்திற் குலெஷோவின் மாணவர் சுருளே இன்றிப் படக்காட்சிகளை நடித்துப் பயின்றனர் என்பர். வறிய நாடுகளிலிருந்து வந்தோர்க்கு இம்மரபு அந்நியமாகத் தோன்றியிராது.

அவ்வாறு சென்றோருள் முதன்மையானவர் செம்பேன் உஸ்மான். செனகலின் சிகன்ஷோர் என்னுமிடத்தில் 1923இற் பிறந்த இவரை வழமையான பொருளில் மாணவர் எனல் பொருந்தாது. பாடசாலைக் கல்வியை இடையில் இழந்தவர்; இரண்டாம் உலக யுத்தத்திற் பிரெஞ்சுப் படையிற் பணியாற்றியவர்; மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்; தொழிற்சங்கவாதி. 1956இல் “கறுப்புத் துறைமுகத் தொழிலாளி” என்னும் நாவலையும், 1960இல் புகையிரதத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்ட “கடவுளின் மரத்துண்டுகள்” என்னும் நாவலையும் பிரெஞ்சு மொழியில் எழுதிப் புகழ்பெற்றவர். எனினும் ஓர் உண்மை அவரை வருத்திற்று. எவரைப் பற்றி அவர் எழுதினாரோ அவர் அவற்றை வாசிக்க இயலாதவராயிருந்தனர். எழுத்தறியாத தன் மக்களுக்குத் திரைப்படமே இரவுப் பாடசாலையாக அமையும் என்பது அவர் கண்ட முடிவு. ஏறத்தாழ நாற்பது வயதில், பெயர்பெற்ற எழுத்தாளராக இருந்த நிலையில், மொஸ்கோ சென்று கோர்க்கி கலையகத்தில் மார்க் டொன்ஸ்கோயின் கீழ் அவர் பயிற்சி பெற்றார். மக்சிம் கோர்க்கியின் வாழ்க்கையை மூன்று படங்களாக ஆக்கியவர் டொன்ஸ்கோய். உழைக்கும் மாந்தரின் முகத்தை நிதானமாக நோக்கும் அவருடைய பாங்கு செம்பேனின் படங்களிலும் புலப்படுகின்றது எனலாம்.

நாடு திரும்பிய செம்பேன் 1963இல் ஆக்கிய “போரோம் சாரெட்” ஏறத்தாழ இருபது நிமிடமே ஓடுவது. டக்கார் நகரின் வண்டிற்காரன் ஒருவனின் ஒருநாள் வாழ்வு அதில் வருகின்றது. இறந்த குழவியைச் சுமந்துகொண்டு வண்டிலேறும் தந்தையொருவன், பத்திரங்கள் சரியில்லையென இடுகாட்டு வாயிலிற் தடுக்கப்படுகிறான். வசதிபடைத்தோர் வாழும் மேட்டுப் பகுதிக்குள் நுழைந்த குற்றத்துக்காக வண்டிற்காரனின் வண்டில் பொலிசாராற் பறிக்கப்படுகின்றது. வெறுங்கையுடன் வீடு மீளும் அவனிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, இன்றிரவு உண்போம் எனக் கூறி மனைவி வெளியே செல்கிறாள். எங்கே செல்கிறாள் என்பதைப் படம் சொல்வதில்லை. விடுதலை பெற்று மூன்றாண்டே ஆன நாட்டின் மீது இத்தகைய நோக்கைச் செலுத்துவதற்குத் துணிவு வேண்டும்.

ஆயினும், மொஸ்கோ வாழ்வை வெறும் நட்புறவின் வரலாறாகக் காட்டுதல் உண்மையாகாது. 1963 டிசம்பரில், கானா நாட்டு மாணவர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான ஆபிரிக்க மாணவர் செஞ்சதுக்கத்தில் ஊர்வலமாகச் சென்று தமக்கெதிரான இனப் பாகுபாட்டைக் கண்டித்தனர். சகோதரத்துவத்தைப் பிரகடனஞ் செய்த நாட்டின் தெருவிலும் நிறத்தின் பெயரால் அவமதிப்பு நேர்ந்தமையை அம்மாணவர் மறைக்கவில்லை. இந்நிகழ்ச்சியை விடுத்து அக்காலத்து மொஸ்கோவைப் பற்றி எழுதுவோர் பாதி உண்மையையே எழுதுவர்.

மாலி நாட்டவரான சுலைமான் சிஸ்ஸே இக்காலத்திலேயே மொஸ்கோவிற் பயின்றார். லுமும்பா கைதுசெய்யப்பட்டு இழுத்துச் செல்லப்படும் செய்திப்படத்தைக் கண்ட அதிர்ச்சியே தம்மைத் திரைப்படத்தின்பால் ஈர்த்தது என அவர் கூறியுள்ளார். அரச திரைப்படக் கல்லூரியிற் பட்டம்பெற்றுத் திரும்பியவர் 1975இல் பம்பாரா மொழியில் “டென் முசோ” என்னும் முழுநீளப் படத்தை ஆக்கினார். வன்புணர்வுக்கு ஆளான வாய் பேசாத பெண்ணொருத்தியின் கதை அது. பிரெஞ்சு உதவிப் பணத்தைப் பெற்றார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் அவர் சிறையிடப்பட்டார். படமும் சில ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டது. முன்னர் தடைவிதித்தவன் அந்நியன். இப்போது தடைவிதித்தவன் நம்மவன். சிஸ்ஸே சோர்ந்தாரல்லர். 1987இல் அவருடைய “யீலென்” கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பரிசைப் பெற்றது. 2025இல் அவர் காலமானார்.

மொழிப் பிரச்சினை

அந்நிய நாட்டிற் கற்றோன் எம்மொழியிற் பேசுவது என்னும் வினா இவர்களை விடாது தொடர்ந்தது. செம்பேனின் 1966ஆம் ஆண்டுப் படமாகிய “கறுப்புப் பெண்” இதற்குத் தக்க சான்று. பிரெஞ்சுக் குடும்பமொன்றினால் டக்காரிலிருந்து பிரான்சுக்கு வீட்டுவேலைக்கு அழைத்துச் செல்லப்படும் டியுவானா என்னும் இளம்பெண், அடுக்குமாடி வீட்டுக்குள் அடைபட்டு, ஈற்றில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். பத்திரிகைச் செய்தியொன்றே இக்கதையின் மூலம். பிரெஞ்சுக் கூட்டுறவு அமைச்சின் திரைப்படப் பணியகம் இதன் எழுத்துப் பிரதியை நிராகரித்தது. படம் வெளிவந்து பரிசுகள் பெற்றது. ஆனால், எழுத்தறியாத அப்பெண்ணின் மனக்குரல் படம் முழுவதும் தூய பிரெஞ்சு மொழியிலேயே ஒலிக்கின்றது. அக்குரலைக் கொடுத்தவரும் ஹெயிட்டி நாட்டுப் பாடகி ஒருவரே. அப்பெண்ணின் வாயடைப்பைக் காட்ட எடுத்த படமே அவளுக்கு அவளுடைய மொழியைக் கொடுக்க இயலாது போயிற்று.

இக்குறையை 1968இல் “மண்டாபி” தீர்த்தது. பாரிசிலிருந்து மருமகன் அனுப்பிய காசுக்கட்டளையை மாற்றுவதற்கு, அடையாள அட்டையில்லாத முதியவர் ஒருவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்து ஏமாற்றப்படும் கதை இது. பிரெஞ்சு நிதியுதவியின் நிபந்தனையால் ஒவ்வொரு காட்சியையும் பிரெஞ்சிலும் வோலோவ் மொழியிலுமாக இருமுறை எடுக்கவேண்டியிருந்தது. எனினும் வோலோவ் மொழியில் அமைந்த முதல் முழுநீளப் படம் இதன்வழி பிறந்தது. டக்காரின் பாமரன் திரையிலே தன் மொழியைக் கேட்டான். 1977இல் “செட்டோ” என்னும் படம் தாயகத்திலே தடைசெய்யப்பட்டது. தலைப்புச் சொல்லில் ஒரு மெய்யெழுத்து இரட்டித்து எழுதப்பட்டமை அரச எழுத்திலக்கணத்துக்கு மாறானது என்பது கூறப்பட்ட காரணம். அன்றைய சனாதிபதி லெயோபோல்ட் செங்கோர் தாமே கவிஞரும் மொழியறிஞரும் ஆவார். ஓரெழுத்தை நீக்கிவிட்டுப் படத்தை வெளியிடச் செம்பேன் இணங்கவில்லை.

பெண்களின் பங்கு

இவ்வரலாற்றில் இருவரைத் தனியே குறிப்பிடல் வேண்டும். குவாதலூப் தீவு வழிவந்தவராகிய சாரா மல்தொரோர் செம்பேனின் காலத்திலேயே மொஸ்கோவிற் டொன்ஸ்கோயிடம் பயின்றவர். அங்கோலாவின் விடுதலைப் போரைப் பொருளாகக் கொண்டு “சம்பிசங்கா” என்ற படத்தை 1972இல் எடுத்தார். போர் நடந்துகொண்டிருந்தமையால் அதனை அண்டை நாடாகிய கொங்கோவிலேயே எடுக்க நேர்ந்தது. சிறையிலிடப்பட்ட கணவனைத் தேடி, குழந்தையைச் சுமந்தவாறு நெடுவழி நடக்கும் மனைவியே அதன் நடுநாயகம்.

மற்றவர் செனகலின் சாஃபி ஃபாயே. ஆசிரியையாகப் பணிபுரிந்த இவர் பாரிஸ் சென்று இனவரைவியலையும் திரைக்கலையையும் ஒருங்கே பயின்றார். ஆபிரிக்கரை ஆராய்ச்சிப் பொருளாக்கி வளர்ந்த துறை இனவரைவியல். இத்துறையின் முதன்மையான பிரெஞ்சுத் திரைப்பட அறிஞர் ஜோன் ரூஷ். ஆபிரிக்கரைப் பூச்சிகளை நோக்குவது போல் நோக்குகிறீர் எனச் செம்பேன் அவரை நேரிற் சாடியமை நன்கறியப்பட்டது. ஃபாயேயோ அத்துறையின் கருவியைத் தம் கையிலெடுத்துத் திசைமாற்றினார். 1972இல் மாணவியாயிருந்தபோது அவர் எடுத்த “வழிப்போக்கி” என்னும் குறும்படத்தில், பாரிசிலே தனித்து நடக்கும் ஆபிரிக்கப் பெண்ணாகத் தாமே தோன்றினார். பின்பு தம் கிராமத்துக்குத் திரும்பி, 1975இல் “கட்டு பேகாட்” என்னும் படத்தை ஆக்கினார். நிலக்கடலை என்னும் ஒற்றைப் பயிரை விதைக்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்டு வறுமையுறும் உழவர் தம் துயரைத் தாமே எடுத்துரைக்கின்றனர். இன்னொருவரின் ஆய்வுப் பொருளாயிருந்தோர் ஈண்டு சாட்சியம் கூறுவோராயினர்.

தாயகத்திற் கல்லூரி

ஒவ்வொரு தலைமுறையும் அந்நிய நாட்டுக்கே சென்று பயிலவேண்டுமா என்னும் வினா விரைவிலேயே எழுந்தது. 1969இல் மேல் வொல்டாவின் (இன்றைய புர்க்கினா பாசோ) வாகடூகு நகரில் ஆபிரிக்கத் திரைப்பட விழா தொடங்கிற்று. 1976இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இனாஃபெக் என்னும் திரைப்படக் கல்லூரி நிறுவப்பட்டது. அங்கு கற்பித்தோருள் ஒருவரான கஸ்தோன் கபோரே பாரிசில் வரலாறு பயின்றவர். பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளின் சித்திரங்களில் ஆபிரிக்கா எவ்வாறு காட்டப்பட்டது என்பதை ஆராயப் புகுந்தவர், அவ்வாராய்ச்சியின் வழியே திரைக்கலைக்கு வந்தார். அவருடைய “வெண்ட் கூனி” (1982) குடியேற்ற ஆட்சிக்கு முந்திய மொசி மக்களின் வாழ்வை அவர்தம் மொழியிலேயே சித்திரிப்பது. வரலாற்று மாணவருக்கு இவர் வாழ்வில் ஒரு செய்தியுண்டு. ஆவணத்தில் உள்ள பொய்யுருவை இனங்காண்பதோடு அவர் அமையாது, மெய்யுருவைத் தாமே வரைய முற்பட்டார்.

இக்கல்லூரியிற் தொடங்கிப் பாரிசில் மேற்படிப்பை நிறைவுசெய்த இத்ரிஸ்ஸா வெத்ராகோவின் “திலாய்” 1990இல் கான் விழாவிற் பெரும்பரிசு பெற்றது. எனினும் இனாஃபெக் நெடுங்காலம் நிலைக்கவில்லை. நிதியின்மையால் 1980களின் பிற்பகுதியில் அது மூடப்பட்டது. பின்னர், 2003இல் கபோரே தம் முயற்சியால் அதே நகரில் வேறொரு பயிற்சி நிலையத்தை அமைத்தார். படச்சுருளைக் கழுவுவதற்கும் ஒலி சேர்ப்பதற்கும் நீண்டகாலம் பாரிசையே நம்பியிருந்தமையும் நினைவிற்கொள்ளத்தக்கது. கலைஞன் திரும்பி வந்தபோதும் அவனுடைய படம் மீண்டும் கப்பலேற வேண்டியிருந்தது.

முடிவுரை

மொரித்தானியாவிற் பிறந்து மாலியில் வளர்ந்த அப்தெர்ரஹ்மான் சிஸ்ஸாக்கோ 1983இற் சோவியத் ஒன்றியம் சென்று, அரச திரைப்படக் கல்லூரியிற் பயின்றார். அவர் அங்கிருந்த காலத்திலேயே அந்நாடு மாறத் தொடங்கிற்று. 1991இல் அது கலைந்தது. 1993இல் வெளிவந்த அவருடைய “ஒக்டோபர்” மொஸ்கோவின் பனிக்குளிரிலே நாடு திரும்பவுள்ள ஆபிரிக்க மாணவன் ஒருவனும் அவனை நேசிக்கும் ரஷ்யப் பெண்ணும் பிரிய நேரும் கதை. பின்னர் அவர் தம்மோடு ரொஸ்தொவ் நகரில் ரஷ்ய மொழி பயின்ற அங்கோலா நண்பரைத் தேடிச் சென்ற பயணத்தையும் விவரணப்படமாக்கினார். அழைத்த நாடு மறைந்தது. அங்கு அரும்பிய நட்பு மறையவில்லை.

1955இன் பாரிஸ், 1972இன் பாரிஸ், 1993இன் மொஸ்கோ ஆகிய மூன்றிலும் அந்நிய நகரில் தனித்து நிற்கும் மாணவனை அல்லது மாணவியைக் காண்கிறோம். இம்மூன்றையும் ஒருசேர நோக்கின் ஒரு முடிவு புலனாகும். அந்நியக் கல்வி இவர்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது. ஆயின், பார்வையை அது கொடுத்ததாகக் கூறவியலாது. துறைமுகத்திலும் கிராமத்திலும் அவமதிப்பிலும் அவர்கள் முன்னரே பெற்றிருந்த பார்வைக்குக் கல்லூரி வழிசெய்தது எனலே பொருந்தும். கற்றதைத் தம் மக்களின் மொழியிற் சொல்ல முயன்றபோதே அக்கல்வி நிறைவெய்திற்று. அம்முயற்சிக்கு அவர்கள் சிறையையும் தடையையும் விலையாகக் கொடுத்தனர்.

இன்று கமரா அரிய பொருளன்று. கையடக்கத் தொலைபேசியிலும் அது உண்டு. வியேராவுக்கு மறுக்கப்பட்ட அனுமதிப் பத்திரம் இன்று எவருக்கும் தேவைப்படாதது போற் தோன்றலாம். ஆயினும், யாருக்காக, எம்மொழியில், யாருடைய பணத்தில் என்னும் வினாக்கள் அன்றுபோல் இன்றும் நிற்கின்றன. நம்மிடையேயும் புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் காத்திருப்போர் பலர். எத்துறையைக் கற்கச் செல்லினும், நாற்பது வயதிற் பெயரும் புகழும் இருக்க மீண்டும் மாணவனாகச் சென்ற அத்துறைமுகத் தொழிலாளியை அவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று. அவர் புறப்படும்போதே எவரிடம் திரும்புவது என்பதை அறிந்திருந்தார்.